ஈரல் பாக்கெட்டில் வந்த பதினேழாம் நம்பர்

சுப்பீரியர், விஸ்கான்சின்
1973 மார்ச் 11

அன்புள்ள அண்ணன் ஆர்விட்டுக்கு,

தம்பி செல்மர் எழுதுவது. நானும் வெர்னாவும் இங்கே சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? என் முதுகு அப்படியேதான், குனிந்தால் நிமிர முடியவில்லை. ஏரியில் ஐஸ் இன்னும் உருகவில்லை.

ஒரு சேதி சொல்கிறேன், சிரிக்காதே. நானும் ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் கார்டு சேர்க்க ஆரம்பித்துவிட்டேன். முதுகு போய் துறைமுக வேலையை விட்டதிலிருந்து வீட்டிலேயே கிடந்து வெர்னாவின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தேன். "உங்க அண்ணன் மாதிரி எதையாச்சும் சேத்துக்கிட்டு ஒரு மூலையில உக்காருங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். சரி என்று முனையிலிருக்கிற பாரில் வாயைத் திறந்து சொன்னேன். அவ்வளவுதான், ஆளாளுக்குப் பரணைக் குடைந்து கொண்டுவந்து கொட்டுகிறார்கள். பபிள்கம்மோடு வந்த சாதாரண கார்டெல்லாம் வேண்டாம், என் அண்ணன் மாதிரி விசித்திரமானதுதான் வேண்டும் என்று சொல்லிவைத்தேன். நேற்று ஒருவன் நாய் பிஸ்கட் பெட்டியில் வந்த கார்டுகளைக் கொடுத்தான். பன்னிரண்டும் இருக்கின்றன, முழு செட்டாம். நீ ரொம்ப நாள் தேடினாயே, அதுதானா இது? ஒரு பீர் வாங்கிக் கொடுத்தேன், முடிந்தது வேலை.

டெலிபோனில் கேளுங்கள் என்கிறாள் வெர்னா. உனக்குத்தான் அந்தக் கருவியே ஆகாதே. அதனால் கடிதம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
செல்மர்


டொலிடோ, ஒஹாயோ
1973 மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியம். முழங்கால் மாடிப்படியில் மட்டும் தொந்தரவு செய்கிறது. முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

நாய் பிஸ்கட் செட்டை நான் மூன்று வருஷம் தேடினேன். நாற்பது பேருக்குக் கடிதம் எழுதினேன். உனக்கு ஒரு பீரில் கிடைத்திருக்கிறது, சந்தோஷம். மூலைகள் மழுங்கியிருக்கும், பார்.

நீ ஆரம்பித்திருப்பதால் சில விஷயம் சொல்லிவைக்கிறேன். இது பாரில் உட்கார்ந்து செய்கிற காரியம் இல்லை. ரொட்டி உறையோடு வந்தது, ஐஸ்கிரீம் மூடியில் வந்தது, பால் புட்டியின் கழுத்தில் தொங்கியது என்று என்னிடம் பதினோரு செட் இருக்கின்றன. பத்து முழுசு. பதினோராவதுதான் நம் சுப்பீரியர் ஊர்க்காரர்களுடையது, உனக்கு ஞாபகம் இருக்கும். 1954 கோடையில் பிரெக்கலண்ட் இறைச்சிக் கம்பெனி சாசேஜ் பாக்கெட்டில் ஒவ்வொன்றாக வைத்துக் கொடுத்த நம் ஊர் டீமின் கார்டுகள். மொத்தம் இருபத்துநாலு. என்னிடம் இருபத்துமூன்று. இல்லாதது நம்பர் பதினேழு, இடக்கையால் பந்து வீசுகிற பிட்சர் லெஃப்டி கோவாலிக். அதை மட்டும் ஈரல் சாசேஜ் பாக்கெட்டில் போட்டுத் தொலைத்தார்கள். ஈரல் சாசேஜை எந்தக் குழந்தை தின்னும்? விற்காத பாக்கெட்டெல்லாம் குப்பைக்குப் போய்விட்டது. ஆல்பத்தில் அவனுக்கென்று கடைசியில் விட்டுவைத்த இருபத்துநாலாவது உறை பத்தொன்பது வருஷமாகக் காலியாகக் கிடக்கிறது. அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் பல் விழுந்த இடத்தை நாக்கால் தொடுவது மாதிரி இருக்கும்.

நீ அதையெல்லாம் தேடி முதுகை இன்னும் கெடுத்துக்கொள்ளாதே. வெர்னாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்
ஆர்விட்


சுப்பீரியர்
1973 மே 6

அன்புள்ள அண்ணனுக்கு,

சௌக்கியம், சௌக்கியம். உன் முழங்காலைப் பிறகு விசாரிக்கிறேன். முதலில் உட்கார்ந்துகொள்.

பதினேழு கிடைத்துவிட்டது!

லுத்தரன் சர்ச்சில் நேற்றுப் பழைய சாமான் விற்பனை. வெர்னா திரைச்சீலை பார்க்கப் போனாள், நான் கூடப் போனேன். ஓஸ்ட்பி அம்மாள் என்று ஒருவர், மேசையில் பழைய ஒட்டு நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டிருந்தார். சமையல் குறிப்பு, கல்யாணப் பத்திரிகை, பத்திரிகைத் துண்டு என்று ஒரே குப்பை. நடுவில் ஒரு பக்கத்தில் சிவப்புத் தொப்பியும் எலுமிச்சம்பழம் கடித்த மூஞ்சியுமாக லெஃப்டி கோவாலிக்!

"இந்த ஆளு யாருங்க, உங்க சொந்தமா?" என்று கேட்டேன்.

"ஐயோ, அவன் மூஞ்சியப் பாருங்க, எனக்கு எதுக்கு அந்தச் சொந்தம்? எங்க வீட்டுக்காரருக்கு ஈரல் சாசேஜ்னா உசுரு. அதுல வந்த சனியன்" என்றார்.

நோட்டு மொத்தமும் எழுபத்தைந்து சென்ட். கூட ஒரு காபி வேறு கொடுத்தார்.

அண்ணே, நீ கேட்கும் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: தரமாட்டேன். வேண்டுமானால் பஸ் ஏறி வந்து பார். ஆனால் ஒரு யோசனை சொல்லவேண்டும். மாவுப் பசை போட்டு அழுத்தி ஒட்டியிருக்கிறார்கள். இதை எப்படிப் பிரிப்பது? உனக்குத் தெரியாததா? நீ சொல்லும்வரை கை வைக்கமாட்டேன்.

சரி, இப்போது கேட்கிறேன், முழங்கால் எப்படி?

செல்மர்


டொலிடோ
1973 மே 10

(எழுதி, உறையிலிட்டு, தபால்தலை ஒட்டி, பெட்டியில் போடாத கடிதம்)

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. நான் சௌக்கியம்.

முதல் காரியம், அதைத் தண்ணீர் பக்கமே கொண்டுபோகாதே. மற்ற கார்டுகளை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் பிரிப்போம், எந்தச் சேகரிப்பாளனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். பிரெக்கலண்ட் கார்டு மட்டும் அப்படி இல்லை. இறைச்சியை ஒட்டிக்கொண்டு கிடக்கிற அட்டை என்பதால், அச்சு மைக்குப் பதில் கேக்கில் போடுகிற சாயத்தில் அச்சடித்து மேலே மெழுகு தடவினார்கள். அட்டை நனைந்தால் மெழுகு கழன்றுவிடும், சாயம் கரைந்துவிடும். என் நான்காம் நம்பர் கார்டில் ஒரு மூலை கூரை ஒழுகி நனைந்தது, இன்று அந்த மூலையில் ஒன்றுமே கிடையாது. இது வேறு யாருக்கும் தெரியாது. நீ நோட்டுத் தாளோடு சேர்த்துச் சுற்றி வெட்டி எடுத்து அப்படியே வைத்துக்கொள்.

எழுபத்தைந்து சென்ட். கூட ஒரு காபி.

எனக்கு வயிறு எரிகிறது, செல்மர். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எனக்குப் பதினாலு வயசில், மைதானத்தின் இடப்பக்க வேலிக்கு வெளியே ஒரு கோடை முழுக்க நின்றேன், ஒரு பந்தாவது தாண்டி வராதா என்று. ஒன்றும் வரவில்லை. அம்மா கொடுத்த சாண்ட்விச்சை எனக்குக் கொடுக்க நீ ஒரே ஒரு நாள் வந்தாய். பந்து வேலியைத் தாண்டி உன் காலடியில் வந்து விழுந்தது. நீ அதை எடுத்து, "இது எதுக்குண்ணே?" என்று கேட்டாய். அன்று ராத்திரி சாப்பாட்டில் அப்பா உன் தட்டில்தான் பெரிய துண்டு போட்டார்.

தண்ணீரில் போடாதே.

ஆர்விட்


டொலிடோ
1973 மே 14

அன்புள்ள தம்பி செல்மருக்கு,

நான் நலம். உன் நலமும் வெர்னாவின் நலமும் அறிய ஆவல். முதுகு எப்படி இருக்கிறது? ஒத்தடம் கொடுக்கிறாயா? ஏரியில் ஐஸ் உருகியிருக்கும், மீன் பிடிக்கப் போகும்போது ஈரத் தரையில் உட்காராதே. இங்கே முழங்கால் பரவாயில்லை. தோட்டத்தில் தக்காளி நட்டிருக்கிறேன்.

பதினேழு கிடைத்ததற்கு வாழ்த்துக்கள்.

மாவுப் பசைக்கு எல்லோரும் செய்வது இதுதான். நோட்டுப் பக்கத்தைக் கிழித்து வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவை. கார்டு தானாக நகரும். எடுத்து மையொற்றும் தாள்களுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகத்தை மேலே வை.

வெர்னாவைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

அன்புள்ள அண்ணன்
ஆர்விட்


டொலிடோ
1973 ஜூன் 17

அன்புள்ள தம்பிக்கு,

நலம். ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதமே இல்லை. முதுகு மோசமாகிவிட்டதா? வெர்னாவையாவது இரண்டு வரி எழுதச் சொல்.

அந்தக் கார்டை இன்னும் பிரிக்கவில்லை என்றால் அவசரமே இல்லை. அப்படியே கிடக்கட்டும். கோடை முடிந்த பிறகுகூடப் பார்த்துக்கொள்ளலாம். சும்மாதான் சொல்கிறேன்.

தக்காளி காய்க்க ஆரம்பித்துவிட்டது.

ஆர்விட்


சுப்பீரியர்
1973 ஜூலை 8

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். முதுகு கொஞ்சம் படுத்தியது, இப்போது தேவலை. நீயும் உன் தக்காளியும் சௌக்கியமா?

கார்டு நீ சொன்னபடியே பூப்போலக் கழன்று வந்துவிட்டது. அரை மணிகூட ஆகவில்லை. ஒரு கீறல் இல்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். பாரில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். போன வாரம் தச்சு வேலை செய்கிற டாரோ வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான், சர்ச்சில் நிற்கிற மாதிரி. "யாருடா உனக்கு இந்த வித்தையெல்லாம் சொல்லித் தந்தது?" என்று கேட்டான். "எங்கண்ணன்தான். அவருக்குத் தெரியாததே கிடையாது" என்றேன்.

நீ ஒன்றும் கவலைப்படாதே. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. உன் யோசனைக்கு ரொம்ப நன்றி. இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

அன்புடன்
செல்மர்


டொலிடோ
1973 ஜூலை 13

செல்மருக்கு,

நலம். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

பாரில் இருக்கிறவர்கள் தொப்பியைக் கழற்றுகிறார்களா? நல்லது. அவர்களுக்கு என்ன தெரியும்? நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் சுவரில் தொங்குவது போலி. பிரெக்கலண்ட் கார்டு தண்ணீருக்குத் தாங்கவே தாங்காது. அது கேக் சாயத்தில் அச்சடித்தது. அரை மணி நேரம் ஊறினால் வெறும் அட்டைதான் மிஞ்சும். உன்னுடையது முழுசாக வந்ததென்றால் அது பிரெக்கலண்ட் கார்டே இல்லை, எவனோ பின்னால் அச்சடித்து ஊரை ஏமாற்றியது. எழுபத்தைந்து சென்ட்டுக்கு உண்மையானது கிடைக்கும் என்று நினைத்தாயா? நான் பத்தொன்பது வருஷம் தேடியிருக்கிறேன். நீ ஒரு மத்தியானம் திரைச்சீலை பார்க்கப் போயிருக்கிறாய்.

இதை நான் என்னோடு வைத்துக்கொள்ளவில்லை. ப்ரூயட் கார்டு சேர்ப்பவர்களுக்கென்று நடத்துகிற சைக்ளோஸ்டைல் பத்திரிகைக்கும் எழுதிவிட்டேன். சுப்பீரியரில் செல்மர் கல்லெஸ்டாட் என்பவரிடம் இருக்கும் பதினேழாம் நம்பர் போலி, சேகரிப்பாளர்கள் ஏமாறவேண்டாம் என்று. ஆகஸ்ட் இதழில் வரும். எண்பது பேர் படிக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியவேண்டும்.

உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

ஆர்விட்


சுப்பீரியர்
1973 ஜூலை 18

ஆர்விட்,

உனக்குத் தெரிந்திருக்கிறது.

மே 14-ஆம் தேதிக் கடிதத்தையும் ஜூலை 13-ஆம் தேதிக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் தண்ணீரில் போடு என்கிறாய். இன்னொன்றில் தண்ணீரில் போட்டால் வெறும் அட்டைதான் மிஞ்சும் என்கிறாய். இரண்டும் உன் கையெழுத்து.

நடந்ததை எழுதுகிறேன். வெர்னாவின் வெள்ளைப் பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துப் போட்டேன். பத்து நிமிஷத்தில் தொப்பியின் சிவப்பு முதலில் வெளியே வந்தது. நான் கையை விட்டு எடுத்தேன். மூஞ்சி என் விரலோடு வந்துவிட்டது. வெர்னா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உடனே உங்க அண்ணனுக்கு எழுதுங்க" என்றாள்.

"எழுதக் கூடாது. அவன் சொன்ன யோசனை. கேட்டா இடிஞ்சு போயிடுவான். சாப்பிட மாட்டான்" என்றேன்.

ஏழு வாரம் எழுதாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். முதுகு நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல எனக்கு வரவில்லை, பழகிக்கொண்டிருந்தேன். டாரோ, சட்டம், தொப்பி எல்லாம் நான் கட்டிய கதை. நீ வருத்தப்படக் கூடாது என்று உட்கார்ந்து யோசித்து எழுதினேன். நீ என்னடாவென்றால் அதைப் படித்துவிட்டு என்னைத் திருடன் மாதிரி எண்பது பேருக்குச் சொல்லிவிட்டாய்.

இன்னொன்றும் சொல்கிறேன். என்னை நல்லவன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தக் கார்டை நான் உனக்குத் தந்திருக்கவே மாட்டேன், செத்தாலும். கிறிஸ்துமஸ் தவறாமல் உன் வீட்டுக்கு வந்து உன் ஆல்பத்தைப் பார்த்துக்கொண்டு ஆகா ஓகோ என்று உட்கார்ந்திருப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒரே ஒரு தடவை நீ என் வீட்டுக்கு வந்து என் சுவருக்கு முன்னால் நிற்கவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

செல்மர்


டொலிடோ
1973 ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இல்லை. அதைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை.

இத்துடன் இன்னொரு உறை வைத்திருக்கிறேன். மே 10 என்று தேதி போட்டிருக்கும், தபால்தலை ஒட்டியிருக்கும், முத்திரை இருக்காது. படித்துப் பார். அதை எடுத்துக்கொண்டு தெருமுனைப் பெட்டிவரை போனேன். பெட்டியின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். முப்பத்தோரு வருஷம் தபால் பை தூக்கியிருக்கிறேன், செல்மர். இந்த ஊரின் பனியிலும் நாய்களுக்கு நடுவிலும் எவனுடைய கடிதத்தையும் ஒரு நாள் தாமதித்ததில்லை. நான் பிடித்துவைத்த ஒரே கடிதம் இது.

நீ தண்ணீரில் போடமாட்டாய் என்று நினைத்தேன் என்று எழுதலாம் என்று பார்த்தேன். பொய். போடுவாய் என்று தெரியும். நான் சொன்னால் நீ செய்வாய், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். எனக்குக் கிடைக்காதது உனக்கும் இருக்கக் கூடாது என்று இருந்தது. அது இல்லாமல் போனால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன். நீ முழுசாக வந்துவிட்டது என்று எழுதியதும் எனக்கு வந்த ஆத்திரத்தில், நான் என்ன சொல்லிவைத்திருந்தேன் என்பதே மறந்துபோயிற்று.

ப்ரூயட்டுக்குத் தந்தி கொடுத்தேன். ஆகஸ்ட் இதழ் அச்சாகிவிட்டதாம்.

மன்னிப்புக் கேட்கிறேன். பதில் எழுதவேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஆர்விட்


சுப்பீரியர்
1973 அக்டோபர் 14

ஆர்விட்டுக்கு,

வெர்னா எழுதச் சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் இதழைப் படித்துவிட்டு எனக்கு ஐந்து பேர் எழுதினார்கள். ஒருவன் என்னைப் பித்தலாட்டக்காரன் என்றே எழுதியிருந்தான். சுவரில் மாட்டிய கார்டே இல்லாதபோது அது உண்மையானது என்று யாரிடம் எப்படி நிரூபிப்பது? கடைசியில், நோட்டில் இருந்தது நிஜம்தான் என்று ஒரு கையெழுத்தாவது போட்டுத் தருவாரா என்று கேட்க ஓஸ்ட்பி அம்மாள் வீட்டுக்குப் போனேன்.

அவர் சிரித்தார். "அந்த மூஞ்சியா? இன்னும் வேணுமா உங்களுக்கு? அந்தக் கோடை பூரா எங்க வீட்டுல ஈரல்தான். பாக்கெட்டத் தொறந்தா அவனேதான் முழிச்சுக்கிட்டுக் கிடப்பான். வேற ஒருத்தன் மூஞ்சிகூட வரல. வாங்க, காட்டறேன்."

கணவரின் தூண்டில் பெட்டியைக் கொண்டுவந்தார். தூண்டில் முள்ளெல்லாம் உருண்டு சத்தம் போடாமல் இருக்க அடியில் அட்டை போட்டுவைத்திருக்கிறார் மனிதர். ஒன்பது லெஃப்டி கோவாலிக். ஒட்டவில்லை, நனையவில்லை, எண்ணெய்க் கறை மட்டும்தான்.

யோசித்துப் பார், ஈரல் சாசேஜ் தின்கிற வீட்டில் பதினேழு ஒன்றே ஒன்றா இருக்கும்? வாரம் ஒன்று வந்திருக்குமே. அவர் வீட்டுக்காரருக்கு ஈரல் என்றால் உயிர் என்று மே மாதமே உனக்கு எழுதினேன். பத்தொன்பது வருஷமாக இதிலேயே கிடக்கிறவன் நீ. உனக்குத் தோன்றியிருக்கவேண்டும். என் மேல் எரிந்துகொண்டிருந்ததில் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டிருப்போம்.

ஒன்பதையும் கொடுத்துவிட்டேன். ப்ரூயட்டின் பட்டியலில் இருக்கும் ஒன்பது பேருக்கு, என்னைப் பித்தலாட்டக்காரன் என்றவன் உட்பட, இனாமாக. அவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து நிஜம் என்று ஒப்புக்கொண்டார்கள். எனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. அந்த மூஞ்சியைச் சுவரில் பார்க்கும் ஆசை போய்விட்டது.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். ஆர்விட் கல்லெஸ்டாட் கேட்டால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் சொந்தத் தம்பி ஏன் அவருக்குக் கொடுக்கவில்லை என்று அவர் வாயாலேயே சொல்லவேண்டும்.

தண்ணீரில் போட்டதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதுவும் பதினேழாம் நம்பர்தான். உன் செட் முழுசாகிவிட்டது.

செல்மர்


டொலிடோ
1973 டிசம்பர் 9

அன்புள்ள தம்பி செல்மருக்கு,

நான் சௌக்கியம். முழங்கால் குளிரில் இறுகிக்கொள்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. வெர்னா எப்படி இருக்கிறாள்? எழுதச் சொன்னதற்கு அவளுக்கு நன்றி சொல்.

டிசம்பர் இதழ் உனக்கும் வந்திருக்கும். வராமல் இருந்தால் என்று, நான் எழுதிக் கொடுத்ததை இங்கே அப்படியே எழுதுகிறேன்: "ஆகஸ்ட் இதழில் என் தம்பியின் கார்டு போலி என்று எழுதினேன். அது நிஜமானது. தண்ணீர் பட்டால் அழியும் என்று தெரிந்துகொண்டே அவனைத் தண்ணீரில் போடச் சொன்னேன். பொறாமைதான் காரணம். பிரெக்கலண்ட் கார்டு வைத்திருப்பவர்கள் நனைக்கவேண்டாம்." ப்ரூயட் மூன்றாவது வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டான். கூடாது என்றேன்.

ஒன்பது பேரில் மூன்று பேர் நான் கேட்காமலேயே கார்டை அனுப்பிவிட்டார்கள். உன்னைப் பித்தலாட்டக்காரன் என்றவனும் அதில் ஒருவன். நீ வைத்த நிபந்தனையை நான் நிறைவேற்றிவிட்டேனாம். மூன்று கோவாலிக்கையும் மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தேன். எண்ணெய்க் கறையோடு என்ன அழகு, செல்மர்! ஒன்றை மட்டுமாவது வைத்துக்கொள் என்று கை துடித்தது, பொய் சொல்லமாட்டேன். மறுநாள் மூன்றையும் திருப்பி அனுப்பினேன். இந்தத் தடவை உறைகளை நேராகப் பெட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

இருபத்துநாலாவது உறையில் நீ அனுப்பியது இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை டெட்ராய்ட்டிலிருந்து ஒருவர் ஆல்பம் பார்க்க வந்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"இது என்னங்க, வெறும் அட்டைய வெச்சிருக்கீங்க?"

"பதினேழு."

"இதுல ஒண்ணுமே இல்லையே!"

"இருந்துச்சு. என் தம்பியோடது. நான்தான் அழிச்சேன்" என்றேன்.

அவர் அப்புறம் அதிக நேரம் உட்காரவில்லை. காபியைக்கூடக் குடிக்கவில்லை. இனிமேல் வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பார்கள், கேட்பார்கள். நானும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரியும். நான் வரட்டுமா? உன் சுவரில் இப்போது ஒன்றும் இல்லை என்று தெரியும். சும்மா வந்து நிற்கிறேன்.

உன் முதுகு நிஜமாகவே எப்படி இருக்கிறது?

அன்புள்ள
ஆர்விட்